தம்பிக்கு இடி ஆகாது

அந்த அக்காவின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் யாராவது அவரைத் தேடிப்போய், “இதெல்லாம் நெசமா?” என்று கேட்பார்கள். அவரும் ஆமாம் என்று சொல்லிவிடுவார். அவர் வேலை பார்த்த செம்பனைத் தோட்ட நிறுவனத்தில்தான் நான் இன்னும் கிராணியாக, அலுவலக எழுத்தராக, இருக்கிறேன். கடிதம், சுற்றறிக்கை, விடுப்புத்தாள் எல்லாம் என் மேசையைத் தாண்டித்தான் போகவேண்டும். எனக்கு வேலை வேண்டும்.

அக்கா பொய் சொல்லமாட்டார். இதைக் கேட்டதும் அமைதியாகப் பேசுகிற, நெற்றி நிறைய விபூதி பூசிய ஒரு பெண்மணி உங்கள் கண்முன் வந்தால் அவரை அப்படியே திருப்பி அனுப்பிவிடுங்கள். அக்கா குள்ளம். தோள்கள் இரண்டும் அலமாரி மாதிரி அகலம். செம்பனைக் காட்டில் களைக்கு மருந்தடிக்கிற வேலை. முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், ஆண்களின் முழுக்கைச் சட்டை, முதுகில் மருந்துப் பம்பு. சிரித்தால் இரண்டு வரிசை தள்ளி இருப்பவர்களுக்கும் கேட்கும். தோட்டத்தில் அதிகம் பேரை ஏமாற்றியவர் யார் என்று ஓட்டுப் போட்டால் போட்டியே இல்லாமல் அவர்தான் ஜெயிப்பார். ஒரு பொய்கூடச் சொல்லாமல் ஏமாற்றியதுதான் அவர் கெட்டிக்காரத்தனம்.

அது ஒரு வேண்டுதல். அவருக்கு இருபது வயதிருக்கும்போது, அப்பா சிரம்பான் ஆஸ்பத்திரியில் பேச்சு மூச்சில்லாமல் கிடந்திருக்கிறார். இவர் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் போய் நின்றிருக்கிறார்.

“காவடி எடுக்குறேன்னா அலகு குத்தணும். தீ மிதிக்கிறேன்னா காலு சுடும். ஆடு வெட்டுறேன்னா ஆடு பாவம். அதான் தங்கச்சி, பொய்ய விட்டுடுறேன்னு சொல்லிட்டேன். ஈஸின்னு நெனச்சேன் லா.”

அப்பா எழுந்து வந்துவிட்டார். அதற்குப் பிறகு பல வருஷம் இருந்தாராம்.

“அப்புறம்தான் தெரிஞ்சுச்சு, பேசாம காவடியே எடுத்திருக்கலாம்னு.”

பொய்யில்லாமல் வாழ அவர் சில வழிகளைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். கேள்வி ஒருபோதும் பொய்யாகாது என்பது அதில் முதலாவது. கேட்காததற்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பது இரண்டாவது. எனக்கு மகன் பிறந்தபோது பார்க்க வந்தார். துணியை விலக்கி வெகுநேரம் குழந்தையின் முகத்தையே பார்த்தார். பிறகு, “அடேயப்பா, என்னா முடி!” என்றார். நான் பூரித்துப் போனேன். மகனுக்கு ஆறு மாதம் ஆகி, பழைய படங்களைக் கைப்பேசியில் புரட்டியபோதுதான் அவர் முடியை மட்டும் பாராட்டியது ஏன் என்று புரிந்தது.

நான் முதன்முதலாக அவரிடம் ஏமாந்த கதை இன்னும் மோசம். வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ரந்தாவுக்கும் லிங்கிக்கும் நடுவில் இருக்கும் தோட்டம் அது. லயத்தில், அந்த ஒட்டுவீட்டு வரிசையில், கடைசி வீடு அக்காவுடையது. அதற்கு முந்தைய வீட்டை எனக்கும் என் கணவருக்கும் ஒதுக்கியிருந்தார்கள். நாங்கள் இன்னும் குடிவரவில்லை. காலையில் அக்கா அலுவலகச் சன்னலில் வந்து நின்றார்.

“கிராணிம்மா, இன்னைக்கு லீவு வேணும். தம்பிக்கு ஒடம்பு சரியில்ல. நேத்து இடி இடிச்சதுலேர்ந்து சாப்பிடல.”

விடுப்புத்தாளில் ‘சகோதரருக்கு உடல்நலமில்லை’ என்று எழுதினேன். அடுத்த வாரமும் இடி இடித்தது. மறுபடியும் விடுப்பு. எனக்கு மனசு கேட்கவில்லை.

“தம்பி வேலைக்குப் போறாரா அக்கா?”

“இல்ல லா. வீட்டுலதான் இருக்கான். சாயங்காலமானா நான் வர்ற ரோட்டையே பாத்துக்கிட்டு ஒக்காந்திருப்பான்.”

“கல்யாணம்…?”

“அதுக்கெல்லாம் வழியில்ல. டாக்டருகிட்ட கூட்டிட்டுப் போயி ஆபரேஷன் பண்ணியாச்சு.”

அன்று இரவு என் கணவரிடம் சொல்லி அழாத குறை. இடிக்குப் பயந்து சோறு தின்னாத ஒரு மனிதர், அவருக்கு ஆபரேஷன் வேறு பண்ணிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு டின் பிஸ்கட்டும் ஒரு சீப்பு வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு நோயாளியைப் பார்க்கப் போனோம். கதவைத் திறந்ததும் செம்மண் நிறத்தில், ஒரு காது மடிந்து ஒரு காது நிமிர்ந்த நாய் ஒன்று வந்து என் கணவரின் முழங்காலை மோந்தது.

“தம்பி, வந்தவங்களுக்கு வழி விடு” என்றார் அக்கா.

நான் பிஸ்கட் டின்னைக் கையில் பிடித்தபடியே நின்றேன். அக்கா அதை வாங்கித் திறந்தார். “அவனுக்குத்தானே வாங்கியாந்தீங்க?” என்று கேட்டுவிட்டு, ஒவ்வொன்றாக எடுத்து அவனுக்குப் போட்டார். எங்களுக்கும் ஆளுக்கு இரண்டு கொடுத்தார்.

தம்பி வீரன்தான். பாம்பு வந்தால் குரைப்பான். காட்டுப்பன்றியைத் துரத்துவான். லாரிக்குக்கூட வழி விடமாட்டான். இடிதான் அவனுக்கு ஆகாது. எங்கள் பக்கம் மத்தியானம் தாண்டினால் வானம் கறுக்காத நாள் குறைவு. முதல் உறுமல் கேட்பதற்கு ஒருமணி நேரம் முன்பே அவன் நடுங்கத் தொடங்குவான். அக்கா காட்டில் இருப்பார். இவன் கட்டிலடியில் நுழைவான், அரிசி மூட்டைக்குள் தலையை விடுவான், நகம் பிய்ந்து ரத்தம் வரும்வரை தகரக் கதவைப் பிறாண்டுவான். ஒருநாள் கதவைப் பிய்த்துக்கொண்டு வெளியே ஓடிப் பெரிய சாலையில் ஒரு மோட்டார் சைக்கிளில் அடிபட்டான். பின்னங்கால் உடைந்தது. கட்டுப் போட்டு மூன்று வாரம் அக்கா அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தார். அந்த மூன்று வாரமும் அவர் சிரிப்புச் சத்தம் எங்கள் வீட்டுக்குக் கேட்கவில்லை.

கட்டு அவிழ்ந்த மறுநாள், நல்ல இடியும் மழையுமாக இருந்த நேரத்தில், சாலையோர வடிகாலில் போட்டிருந்த சிமெண்டுக் குழாய்க்குள்ளிருந்து இரண்டு ரப்பர் பூட்ஸ் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்ததை மண்டோர் பார்த்திருக்கிறார். மருந்தடிக்கும் குழுவை மேய்க்கிற மேற்பார்வையாளர் அவர். யாரோ செத்துக் கிடக்கிறார்கள் என்று பதறி மோட்டாரை நிறுத்தினாராம்.

“ஏய், யாரது? உள்ள என்ன பண்ற?”

“இடி கேக்குதான்னு பாக்குறேன் மண்டோரு” என்றது குழாய்.

மண்டோர் தோட்டம் முழுக்க இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அக்காவுக்கு அவர் சிரிப்பைப் பற்றிக் கவலையில்லை. அவருக்கு வேண்டிய விடை கிடைத்துவிட்டது. மண்ணுக்குள் போனால் இடி பாதிதான் கேட்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுப் பின்புறத்தில் குழி வெட்ட ஆரம்பித்தார். கடைசி வீடு என்பதால் பின்னால் நிலம் மேடாக ஏறி, செம்பனை வரிசையில் போய் முட்டும். அந்த மேட்டின் அடிவாரத்தில் ஒரு நாய் படுக்கும் அளவுக்குக் கயிறு கட்டிக் கோடு போட்டார். அங்கே மண் பாறை மாதிரி இறுகிய செம்புறை. காலையிலிருந்து மத்தியானம்வரை வெட்டியும் முழங்கால் ஆழம்கூட வரவில்லை. அப்போதுதான் மண்டோர் வந்து வேலியில் சாய்ந்து நின்றார். நான் பக்கத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்ததால் முழுவதையும் கேட்டேன்.

“என்ன லா தோண்டுற?”

“குழி.”

“அது தெரியுது. எதுக்கு?”

அக்கா மண்வெட்டியை ஊன்றி நின்று, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

“எதுக்குக் கேக்குறீங்க?”

மண்டோரின் குரல் தணிந்துவிட்டது. “ஜப்பான்காரன் காலத்துல இந்த மேட்டுல என்னமோ பொதச்சு வச்சதா எங்க பெரியப்பா சொல்லுவாரு. அதுவா?”

“ஜப்பான்காரனப் பத்தி எனக்கு என்ன மண்டோரு தெரியும்?”

“சும்மா சொல்லு லா. கெடச்சா எனக்கும் சொல்லுவியா?”

“தங்கம் கெடச்சா உங்ககிட்ட சொல்லாம இருப்பேனா? ஆனா இங்க தோண்டுறத யாருகிட்டயும் சொல்லிறாதீங்க.”

அந்தக் கடைசி வாக்கியம்தான் மண்டோரைக் கவிழ்த்தது. அன்று சாயங்காலமே அவரும் அவர் மச்சானும் ஆளுக்கொரு கடப்பாறையோடு வந்துவிட்டார்கள். தொடர்ந்து நான்கு ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். அக்கா அவர்களுக்குக் கோப்பியும் பொரித்த மரவள்ளியும் கொடுத்துக்கொண்டு, நிழலில் உட்கார்ந்து தம்பிக்கு உண்ணி எடுத்துக்கொண்டிருந்தார். மண்டோர் அக்கா போட்ட கோட்டோடு நிற்கவில்லை. பேராசைக்குக் கோடு ஏது? இடப்பக்கம் போனார், வலப்பக்கம் போனார், இன்னும் ஆழம் போனார். ஒரு பெரிய கல்லோடு இரண்டு நாள் மல்லுக்கட்டித் தோற்றார். ஆறேழு பேர் உட்காரக்கூடிய அறையே உருவாகிவிட்டது. கிடைத்ததெல்லாம் ரப்பர்ப் பால் எடுத்த பழைய வாளி ஒன்று. அதையும் மண்டோர் துணியில் சுற்றி வீட்டுக்கு எடுத்துப் போனார். தேய்த்துப் பார்த்திருப்பார் போலும்.

நான்காவது ஞாயிறு, முதுகைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறி வந்தவர், “இதுல ஒண்ணுமே இல்ல போலருக்கே” என்றார்.

“இல்லதான்.”

“ஒனக்கு முன்னயே தெரியுமா?”

“இருக்குன்னு நான் எப்ப மண்டோரு சொன்னேன்?”

மண்டோர் யோசித்துப் பார்த்தார். எவ்வளவு யோசித்தாலும் அக்கா அப்படிச் சொன்னதாக ஒரு வாக்கியம்கூட ஞாபகத்துக்கு வரவில்லை. “வெளிய தெரிஞ்சா மானம் போயிரும். குழிய மூடிரு” என்று கெஞ்சினார்.

“கவலப்படாதீங்க. இந்த வாரமே மூடிடுறேன்.”

மூடவும் செய்தார். ரப்பர் உலர்த்திய பழைய புகைக்கொட்டகை இடிந்த இடத்திலிருந்து இரும்புக் கம்பங்களை இழுத்து வந்து குறுக்கே போட்டார். அதற்குமேல் தகரம். தகரத்துக்குமேல் மண் நிரப்பிய உரச்சாக்குகள். சாக்குக்குமேல் ஒரு முழத்துக்கு மண். மண்மேல் சர்க்கரைவள்ளிக் கொடி. இறங்குவதற்குச் சரிவாக ஒரு வழி, வாசலில் இரண்டு மடிப்புச் சாக்குத் திரை. மழைத்தண்ணீர் உள்ளே வராதபடி வாசலில் ஒரு மேடு கட்டி, தரையைச் சாய்த்து, வடிகால்வரை ஒரு பிளாஸ்டிக் குழாய் புதைத்தார். காற்றுக்கு இன்னொரு குழாய், கொடிகளுக்கு நடுவே தலைநீட்டி நின்றது. கீழே மரப்பலகை, பலகைமேல் அக்காவின் பழைய கம்பளி. முதல் இடிக்குத் தம்பி உள்ளே போனான். இடி ஓய்ந்து அரைமணி கழித்துக் கொட்டாவி விட்டுக்கொண்டு வெளியே வந்தான். அக்கா என் வீட்டுச் சுவரைத் தட்டிக் கூப்பிட்டார்.

“தங்கச்சி, தூங்கியிருக்கான்! இடியில தூங்கியிருக்கான்!”

அவருடைய பழைய சிரிப்பை அன்றுதான் மறுபடியும் கேட்டேன்.

இரண்டு வருஷம் நன்றாகப் போனது. பிறகு மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. வேறெங்கோ ஒரு தோட்டத்தில் நாய் யாரையோ கடித்துவிட்டதாம். இனி லயத்தில் நாய் இருக்கக்கூடாது. சனிக்கிழமை ஆட்கள் வந்து மிச்சமிருப்பதைப் பிடித்துப் போவார்கள். பிடித்துப் போனவை திரும்பி வருவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். மலாயில் வந்த உத்தரவைத் தமிழில் எழுதி ஒட்டுவது என் வேலை. ‘வீட்டிலோ வாசலிலோ நாய் வளர்க்கக் கூடாது’ என்று எழுதினேன். மலாய்க் கடிதத்தில் ‘தோட்டத்தின் எந்தப் பகுதியிலும்’ என்று ஒரு சொற்றொடர் இருந்தது. அது என் தமிழில் எப்படி விடுபட்டது என்று என்னைக் கேட்காதீர்கள். நான் அக்கா மாதிரி வேண்டுதல் எதுவும் செய்துகொள்ளவில்லை.

அக்கா அறிவிப்புப் பலகையில் அதை இரண்டு முறை படித்தார். “வீடு, வாசல். வேற எதுவும் சொல்லலையே?” என்று கேட்டுவிட்டு என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு வியர்த்தது. சாயங்காலம் வேலியோரம் அவரைப் பிடித்தேன்.

“அக்கா, குழி விஷயம் எனக்குத் தெரியுமான்னு யாராவது கேட்டா, தெரியாதுன்னு சொல்லிடுங்க.”

“அது பொய்யாச்சே தங்கச்சி.”

“எனக்கு வேல போயிரும் அக்கா.”

அவர் முகம் வாடிவிட்டது. உண்மையிலேயே யோசித்தார். “கேக்கவே விடாம பாத்துக்குறேன். கேட்டுட்டா எனக்கு வேற வழியில்ல” என்றார்.

அந்த இரவு எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. பொய் சொல்லத் தெரியாதவரை நம்பி ரகசியம் வைத்துக்கொள்ள முடியாது. யாரோ ஒருவர் சரியான கேள்வியைக் கேட்டால் போதும், நான் தெருவில் நிற்பேன். அந்த வாரம் முழுக்க லயத்தில் நாய்கள் குறைந்துகொண்டே வந்தன. சிலர் புக்கிட் பெலண்டோக்கில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பினார்கள். அனுப்ப இடமில்லாதவர்கள் பிள்ளைகளுக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் திண்டாடினார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் கூண்டு வைத்த லாரி வந்தது. இரண்டு பேர் இறங்கினார்கள். மூத்தவர் நரைத்த மீசைக்காரர், நம் ஆள். கையில் கம்பிச் சுருக்கு மாட்டிய நீளக் கழி. இளையவர் வாயே திறக்கவில்லை. வழிகாட்ட நம் மண்டோர். ஒவ்வொரு வீடாகப் பார்த்துக்கொண்டு கடைசி வீட்டுக்கு வந்தபோது வானம் மையாகக் கறுத்திருந்தது. நான் இரண்டு வயது மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு என் பின்கட்டில் நின்றேன். என் கணவர் சிரம்பானுக்கு வேலைக்குப் போயிருந்தார்.

“வீட்டுல நாய் இருக்காம்மா?” என்றார் மீசைக்காரர்.

“வீட்டுல இல்லீங்க. உள்ள போயி நல்லா பாருங்க.”

உள்ளே போய்ப் பார்த்தார்கள். இல்லை.

“வாசல்ல?”

“நீங்களே நிக்கிறீங்களே. தெரியுதா?”

அவர் பின்புறம் வந்தார். சர்க்கரைவள்ளிக் கொடிக்குப் பக்கத்தில் நின்று சுற்றிலும் பார்த்தார். அலுமினியத் தட்டு ஒன்று கிடந்தது. அதில் மிச்சச் சோறு. முப்பது வருஷம் நாய் பிடித்த மனிதருக்கு அந்தத் தட்டு போதும். மெதுவாக நிமிர்ந்தார்.

“அம்மா, சுத்தி வளைக்க வேணாம். நீங்க நாய் வளக்குறீங்களா, இல்லையா?”

அந்தக் கேள்வி வந்தேவிட்டது. அக்கா வாயைத் திறந்தார், மூடினார். அவர் பதில் தேடி நின்றதை நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். மண்டோர் கழுத்தை நீட்டினார்.

அப்போதுதான் காற்று வந்தது. மழைக்கு முன்னால் வருகிற வழக்கமான காற்றாக அது இல்லை. செம்பனை வரிசை மொத்தமும் ஒரே பக்கமாகச் சாய்ந்தது. என் வீட்டுக் கூரையில் ஆணி பிடுங்கும் சத்தம். நிமிர்ந்து பார்ப்பதற்குள் ஒரு தகரம் பெயர்ந்து, சுழன்று, அலுமினியத் தட்டு கிடந்த இடத்துக்கு ஒரு கை தூரத்தில் வந்து குத்தி நின்றது. வயதான தூங்குமூஞ்சி மரத்தின் கிளை ஒன்று முறிந்து என் அடுப்படிமேல் விழுந்தது. அவர்கள் வருவதற்கு ஒரு நிமிடம் முன்புவரை நான் அங்கேதான் இருந்தேன்.

அக்கா பாய்ந்து வந்து என் மகனைப் பிடுங்கிக்கொண்டார்.

“வளக்குறேன்யா! வாங்க, காட்டுறேன்! ஓடியாங்க!”

முதல் பாதி காற்றோடு போய்விட்டது. பக்கத்தில் இருந்த எனக்கு மட்டும்தான் கேட்டது. மற்றவர்களுக்கு ‘ஓடியாங்க’ போதுமானதாக இருந்தது. கழியை எறிந்துவிட்டு மீசைக்காரர் ஓடிவந்தார், இளையவர் வந்தார், மண்டோர் எல்லோரையும் முந்தினார். சாக்குத் திரையைத் தள்ளிக்கொண்டு ஒருவர்மேல் ஒருவர் விழுந்து உள்ளே போனோம்.

உள்ளே கும்மிருட்டு. மேலே உலகம் உடைந்துகொண்டிருந்தது. உள்ளே அந்தச் சத்தம் எங்கேயோ பக்கத்து ஊரில் நடப்பதுபோல் கேட்டது. மூச்சு வாங்கும் சத்தம் மட்டும். பிறகு மண்டோரின் குரல்.

“இந்தக் கல்லு… இது நான்தானே ரெண்டு நாளா…”

“என்ன மண்டோர்?” என்றார் மீசைக்காரர்.

“ஒண்ணுமில்ல லா” என்றார் மண்டோர், மிகவும் தாழ்ந்த குரலில்.

பெரிய இடி ஒன்று விழுந்தது. தரை அதிர்ந்தது. இருட்டில் மீசைக்காரர் யாரையோ சமாதானப்படுத்தும் சத்தம் கேட்டது.

“பயப்படாத தம்பி. மாமா இருக்கேன்ல. இப்ப நின்னுடும். ஏன் தம்பி இப்படி நடுங்குற?”

என் மகனைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். பிறகுதான் என் மகன் அக்காவின் மடியில், எனக்கு இந்தப் பக்கம் இருப்பது உறைத்தது. அந்தப் பக்கத்திலிருந்து மரப்பலகையில் டப் டப் என்று ஒரு சத்தம். யாரோ தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில் மகிழ்ந்து ஒரு வால் ஆடிக்கொண்டிருந்தது.

டப் டப் தொடர்ந்தது. மீசைக்காரரின் பேச்சு நின்றது.

“காது மடிஞ்சிருக்கே” என்றார் மெதுவாக.

“ஒரு காதுதான்” என்றார் அக்கா. “இன்னொண்ணு நிமிந்திருக்கும். அவன் பேரே தம்பிதான்யா. அவனுக்கு இடி ஆகாது.”

அடுத்த இடி விழுந்தது. வால் சத்தம் நின்று, ஒரு மெல்லிய முனகல் கேட்டது. பிறகு இருட்டில் மறுபடியும் அதே குரல், இந்தமுறை கொஞ்சம் கரகரப்பாக: “சரி சரி. ஒண்ணுமில்ல தம்பி. ஒண்ணுமில்ல.”

காற்று அடங்க முக்கால் மணி நேரம் ஆனது. வெளியே வந்தால் ஆறு வீடுகளுக்குக் கூரை இல்லை. யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. மற்றவர்கள் பள்ளிக்கூடக் கட்டடத்துக்கு ஓடிவிட்டிருந்தார்கள். லாரியிலிருந்த கூண்டு வடிகாலில் தலைகீழாகக் கிடந்தது. தம்பி உள்ளேயே இருந்தான். அவனுக்கு இன்னும் அரைமணி வேண்டும்.

மீசைக்காரர் தன் சட்டையில் ஒட்டியிருந்த செம்மண் நிற முடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து நனைந்த படிவத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். கண்ணாடி எங்கோ விழுந்துவிட்டது, நீங்களே எழுதுங்கள் என்றார்.

“கடைசி வீடு. ‘நாய் பார்க்கப்பட்டதா?’ன்னு ஒரு கட்டம் இருக்கும். இல்லன்னு போடுங்க.”

“ஐயா, எனக்காகப் பொய் சொல்ல வேணாம்” என்றார் அக்கா.

“நான் எங்கம்மா பொய் சொன்னேன்? இருட்டுல என் கண்ணுக்கு என்ன தெரிஞ்சுச்சு? கையிலதான் பட்டுச்சு. கைக்கு இந்தப் பாரத்துல கட்டம் இல்லையே.”

அக்கா சிரித்த சிரிப்பு இடிந்த லயம் முழுக்க எதிரொலித்தது. தன் சொந்தத் தொழிலில் இன்னொரு ஆள் தன்னைத் தோற்கடித்ததை அவர் அவ்வளவு ரசித்தார். நான் ‘இல்லை’ என்று எழுதினேன். மண்டோர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். அவரைவிட வேகமாகக் கையெழுத்துப் போட்ட ஒருவரை நான் என் வேலைக்காலத்தில் பார்த்ததில்லை.

அந்த லயத்தில் இப்போது யாரும் இல்லை. நாங்கள் ரந்தாவில் ஒரு தாமானுக்கு, புதுக் குடியிருப்புக்கு, வந்துவிட்டோம். அக்கா வேலையை விட்டுவிட்டு, புக்கிட் பெலண்டோக் பக்கம் ஒரு டுரியான் தோப்பைப் பார்த்துக்கொண்டு தம்பியோடு இருக்கிறார். போன மாதம் பார்க்கப் போயிருந்தேன். தம்பிக்கு மூஞ்சியெல்லாம் நரைத்துவிட்டது. பேசிக்கொண்டிருக்கும்போதே வானம் இருட்டியது. அவன் எங்கே ஓடுவானோ என்று பார்த்தேன். நடுமுற்றத்தில் நாலு காலையும் பரப்பிக்கொண்டு படுத்தவன் அசையவில்லை. கோப்பிக் கோப்பை அதிரும்படி ஓர் இடி விழுந்தது. கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

“காது போயிடுச்சு தங்கச்சி. வருஷம் ஒண்ணாச்சு. இப்ப என்னா இடி இடிச்சாலும் இப்படித்தான் கெடக்கான்.”

“நல்லதுதானே அக்கா. நிம்மதியா இருக்கான்.”

அடுத்த இடி தோப்புக்கு மேலேயே வெடித்தது. அக்காவின் தோள்கள் இரண்டும் குறுகி, நாற்காலியின் கைப்பிடியைப் பற்றிய விரல்கள் வெளுத்தன. மறு கை தானாகவே கீழே இறங்கி, காற்றில் எதையோ தேடியது. தம்பி தூரத்தில் இருந்தான்.

“அக்கா, உங்களுக்கு இடின்னா பயமா?”

எதிர்க்கேள்வி ஒன்று வரும், அல்லது வேறு எதற்கோ பதில் வரும் என்று காத்திருந்தேன்.

“ஆமா” என்றார் அக்கா. “சின்னப் புள்ளையிலேர்ந்தே.”

மழை கொட்டத் தொடங்கியது. நான் என் நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.